பழைய ஆமைப் படம்: எந்த ஆமை, எத்தனை பேர் கை?

#1 நீர்வண்ணம்

வணக்கம். இயற்கை ஓவியம் பழகிவருகிறேன். பழைய விலங்கியல் நூல்களின் படங்களைப் பார்த்து வரைவதுதான் என் பயிற்சி. சென்ற மாதம் தனித்தாளாக ஓர் ஆமைப் படம் வாங்கினேன். கறுப்பு ஓடு, தகட்டுக்குத் தகடு மையத்திலிருந்து விரியும் மஞ்சள் கதிர்கள். கீழே இருந்த எழுத்தை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. விற்றவர் சொன்னது இது: நட்சத்திர ஆமை, பதினெட்டாம் நூற்றாண்டு, செப்புத் தகட்டு அச்சு, கையால் வண்ணம் தீட்டியது.

நம்பித்தான் வாங்கினேன். வரைய உட்கார்ந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கால்கள் பஞ்சு அடைத்த தலையணை போல உப்பியிருக்கின்றன. கழுத்து குழாய் மாதிரி நேராக நீண்டிருக்கிறது. ஓடு மட்டும் அத்தனை நுணுக்கமாக இருக்கிறது. ஒரே படத்தில் ஓட்டை இவ்வளவு கவனித்தவர் காலை எப்படிக் கோட்டைவிட்டார்? இது எந்த ஆமை, எந்தக் காலம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா?

#2 அச்சுப்பித்தன்

முடியும், முழுதாக இல்லாவிட்டாலும். முதலில் படத்தை மறந்துவிட்டுத் தாளைப் பாருங்கள்.

செப்புத் தகட்டில் கோடு பள்ளமாக இருக்கும். மை அந்தப் பள்ளத்தில் தங்கும். ஈரத் தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளையில் அழுத்தி இழுக்கும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதிந்துவிடும். படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம் விரல்நுனிக்குத் தட்டுப்பட வேண்டும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அது போயிருக்கலாம், ஆகவே அது இல்லாததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். உருப்பெருக்கியில் கோடுகளைப் பாருங்கள். செதுக்கிய கோடு தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, முடிவில் ஊசியாக ஒடுங்கும். மை தாளின் மேல் சற்றே புடைத்து நிற்கும்.

கல்லச்சு வேறு. கல்லின் மேல் எண்ணெய்ப்பசையுள்ள கோலால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் நீரை ஏற்கும், வரைந்த இடம் மையை ஏற்கும். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. லென்ஸில் பார்த்தால் நிழல் பகுதி முழுக்கப் பென்சிலால் சொரசொரப்பான சுவரில் தேய்த்ததுபோலப் பொடிப்பொடியாக இருக்கும். ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் இந்த முறையைக் கண்டறிந்தது 1790களின் கடைசியில்தான். விலங்கியல் நூல்களில் அது பரவியது அடுத்த நூற்றாண்டில். எனவே பொடி தெரிந்தால் விற்றவரின் பதினெட்டாம் நூற்றாண்டு அங்கேயே விழுந்துவிடும்.

வண்ணத்தை மட்டும் கடைசிவரை நம்பாதீர்கள். வெறும் கறுப்பு அச்சுக்குப் பின்னாளில் வண்ணம் பூசி விற்பது பழைய தொழில்.

#3 ஓடெண்ணி

தாளை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஓட்டை எண்ணுங்கள்.

முதுகோட்டின் நடுவரிசையில் வழக்கமாக 5 தகடுகள். இருபுறமும் விலாத் தகடுகள் 4 இணை. சுற்றிலும் ஓரத் தகடுகள். கழுத்துக்கு நேர் மேலே, ஓரத் தகடுகள் இரண்டுக்கும் நடுவே, சின்னதாக ஒற்றைத் தகடு ஒன்று இருக்கிறதா? அதைப் பிடரித் தகடு என்று சொல்வோம். நம் நட்சத்திர ஆமைக்கு அது கிடையாது. மடகாஸ்கரின் கதிர் ஆமைக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் இதே மஞ்சள் கோலம் போட்ட இன்னொரு ஆமை இருக்கிறது, அதற்கும் பெரும்பாலும் உண்டு. பழைய நூல்களில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. மூன்றும் கறுப்பில் மஞ்சள் நட்சத்திரம், மூன்றும் கப்பலில் வந்த ஓடுகள். ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்தவருக்கு எது எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

அடி ஓடும் தெரிந்தால் நல்லது. நட்சத்திர ஆமையின் அடி ஓட்டிலும் கதிர்கள் ஓடும்.

#4 தூசிப்பெட்டி

எது எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நம் கடற்கரையே அதில் மாட்டிக்கொண்டது.

பாரிஸ் அறிவியல் கழகத்தில் கிளோத் பெரோ தலைமையில் ஒரு கூட்டம் விலங்குகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. 1670களில் அவர்கள் வெளியிட்ட பெரிய நூலில் ஒரு மாபெரும் தரை ஆமை வருகிறது. அந்த வரிசைப் படங்களின் அமைப்பே வேடிக்கையாக இருக்கும். கீழ்ப்பாதியில் விலங்கு ஒரு நிலக்காட்சியில் உயிரோடு நிற்கும். மேற்பாதியில் சுவரில் ஆணி அடித்து மாட்டிய தாள் போல ஒன்று, அதில் அதே விலங்கின் குடலும் இதயமும். செபாஸ்தியான் லெக்லேர் என்ற செதுக்குநரின் கை. அந்த ஆமை சோழமண்டலக் கரையில் பிடிபட்டது என்று எழுதினார்கள். அதை நம்பி 1783-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் அதற்கு இண்டிகா, அதாவது இந்தியாவைச் சேர்ந்தது, என்று பெயர் வைத்தார்.

சோழமண்டலக் கரையில் மாபெரும் தரை ஆமை ஏது? இன்று அந்தப் பெயர் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் வாழ்ந்து அழிந்த இனத்துக்கு உரியது. கப்பல்கள் தீவில் ஆமைகளை உணவுக்காக ஏற்றிக்கொள்ளும், வேறெங்கோ போய் இறக்கும். வழியில் எங்கே ஏறியது என்பது துறைமுகத்தில் மறந்துபோகும். ஓவியர் பிழை செய்யவில்லை. சீட்டு எழுதியவர் செய்தார். பெயர் மட்டும் இன்றைக்கும் இண்டிகா.

#5 நீர்வண்ணம்

அடேயப்பா. நான் கால் உப்பியிருக்கிறதே என்று கேட்டேன், நீங்கள் ரியூனியனுக்கே போய்விட்டீர்கள். நன்றி. இரவு லென்ஸை வைத்துப் பார்க்கிறேன்.

கால் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

#6 கரிக்கோல்

நான் சொல்கிறேன். பிழைப்புக்கே நூல்களுக்கு விலங்கு வரைபவன்.

ஓடு சாகாது, அவ்வளவுதான் விஷயம். ஆமை செத்து நூறு ஆண்டு ஆனாலும் ஓட்டின் வடிவமும் வளர்ச்சி வரிகளும் அப்படியே இருக்கும். சதை அப்படியா? காய்ந்தால் சுருங்கும். சுருங்காமல் இருக்க வைக்கோலோ பஞ்சோ அடைத்தால் உப்பும். சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும், கண் வெள்ளையாகிவிடும். அந்தக் காலத்து ஓவியர் முன்னால் பெரும்பாலும் மேசையில் இருந்தது இந்த மூன்றில் ஒன்று. அவர் கண்டதைத்தான் வரைந்தார். உங்கள் படத்துக்காரர் காலைக் கோட்டைவிடவில்லை, பஞ்சு அடைத்த காலை நேர்மையாக வரைந்திருக்கிறார்.

உயிருள்ள ஆமையை வரைவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தையும் உள்ளே அடக்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்துவிடும். நீங்கள் தேநீர் எடுக்கப் போகும்போது எழுந்து நடக்கும். கடலாமையின் நிலை இன்னும் மோசம். தரையில் கிடத்தி வரைந்தால் துடுப்பு கால் மாதிரி ஊன்றிவிடும், மார்பு நசுங்கும். பழைய படங்களில் கடலாமைகள் துடுப்பை ஊன்றி எருமை போல நிமிர்ந்து நடப்பது இதனால்தான்.

#7 தூசிப்பெட்டி

கரிக்கோல் சொன்னதற்கு எதிர்ச்சான்றாக ஒருவரைச் சொல்ல வேண்டும், தாமஸ் பெல். தொழில் பல் மருத்துவம், லண்டன் கைஸ் மருத்துவமனையில். ஆசை முழுக்க ஆமைகளின் மேல். உயிருள்ள ஆமைகளைத் தாமே வளர்த்தார். உலகின் எல்லா ஆமைகளையும் படத்தோடு வெளியிடுவது என்று 1832-இல் தொடங்கினார். ஜேம்ஸ் டி கார்ல் சவர்பி உயிருள்ளவற்றைப் பார்த்து வரைவார். அதைக் கல்லுக்கு மாற்றியவர் எட்வர்ட் லியர், அப்போது இருபது வயதை ஒட்டிய பையன். ஆமாம், பின்னாளில் ஐந்து வரி வேடிக்கைப் பாட்டுகளுக்குப் பேர்போன அதே லியர்தான். கிளிகளை வரைவதற்காகவே கல்லச்சுப் பழகியவர் அவர்.

நாற்பது படங்கள் வந்ததும் பதிப்பாளர் நொடித்துப்போனார், 1836-இல் வேலை நின்றது. மிச்சப் படங்கள் எங்கேயோ கிடந்து 1872-இல்தான் முன்னவற்றோடு சேர்த்து வெளிவந்தன. அப்போது விளக்கம் எழுத பெல்லுக்கு மனமில்லை, ஜான் எட்வர்ட் கிரே எழுதினார். அந்தத் தோலைப் பாருங்கள். கழுத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் மடிய வேண்டுமோ அந்தப் பக்கம் மடிகிறது. கண்ணில் ஈரம் இருக்கிறது. ஆமையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது வரும்.

(இன்னொன்று, விஷயத்துக்குத் தொடர்பில்லாதது. 1858-இல் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகள் லண்டன் லின்னேயன் கழகத்தில் வாசிக்கப்பட்டபோது தலைவராக இருந்தவர் இதே பெல். அந்த ஆண்டில் அறிவியலைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்று ஆண்டறிக்கையில் சொன்னாராம். ஆமையைப் பார்த்த கண் இதைப் பார்க்கவில்லை.)

#8 ஓடெண்ணி

லியர், லியர் என்று எல்லோரும் உருகுகிறீர்கள். வரைந்தவர் சவர்பி. அதைச் சொல்ல ஆள் இல்லை.

#9 தூசிப்பெட்டி

சொன்னேனே! மேலே சவர்பி பெயர்தான் முதலில் இருக்கிறது.

#10 ஓடெண்ணி

பெயரைச் சொன்னீர்கள். புகழ்ந்தது லியரை.

#11 கரிக்கோல்

இரண்டு பேரும் பொறுங்கள். பழைய படத்தைப் பார்த்து யாருடையது என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. அதில் குறைந்தது நான்கு பேர் கை உண்டு. விலங்கைப் பதப்படுத்தியவர், வரைந்தவர், தகட்டிலோ கல்லிலோ ஏற்றியவர், வண்ணம் தீட்டியவர். வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வரிசையாக உட்கார்ந்து, முன்னால் ஒரு மாதிரித் தாளை வைத்துக்கொண்டு பூசியவர்கள். ஆமையை அவர்கள் கண்ணால் கண்டிருக்கத் தேவையில்லை. ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் ஒரே ஆமை ஒன்றில் பச்சையாகவும் மற்றொன்றில் பழுப்பாகவும் இருப்பது அதனால்தான். நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும் தானே செய்த ஆட்களும் உண்டு. மார்க் கேட்ஸ்பி வட அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது செதுக்குநருக்குக் கொடுக்கப் பணம் இல்லை, தானே செப்பில் செதுக்கக் கற்றுக்கொண்டார். 1731 முதல் 1743 வரை பகுதி பகுதியாக வந்த நூல் அது. கரோலினா, ஃபுளோரிடா, பஹாமாத் தீவுகளின் உயிர்கள். பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை மூன்றும் அதில் இருக்கின்றன. கோடு முரடுதான். ஆனாலும் பிழை யாருடையது என்று தேட வேண்டியதில்லை, எல்லாம் அவருடையதே.

#12 நீர்வண்ணம்

பார்த்துவிட்டேன். முடிவு இதோ.

செப்புத் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் எங்கும் இல்லை. ஓரம் வெட்டியது காரணமாக இருக்கலாம் என்று அச்சுப்பித்தன் சொன்னதால் அதை விட்டுவிட்டேன். லென்ஸில் நிழல் பகுதி முழுக்கப் பொடி. ஒரு கோடுகூட ஊசியாக முடியவில்லை.

ஓடு: நடுவில் 5, விலாவில் வலப்பக்கம் 4, இடப்பக்கம் 4. இடப்பக்கத்தில் கடைசி விலாத் தகட்டுக்கும் நடுத் தகட்டுக்கும் இடையே சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டுத் தகடு கூடுதலாக இருக்கிறது. அது அச்சுப் பிழையா? கழுத்துக்கு மேலே சின்னப் பிடரித் தகடு தெளிவாக இருக்கிறது.

ஆக, செப்பும் இல்லை, பதினெட்டும் இல்லை, நட்சத்திர ஆமையும் இல்லை. விற்றவர் சொன்னதில் மிஞ்சியது கையால் வண்ணம் தீட்டியது என்ற ஒன்றுதான். அதையும் நம்பாதே என்கிறீர்கள்.

#13 ஓடெண்ணி

கதிர் ஆமை. அதிகம் யோசிக்க வேண்டாம். ஆங்கில விலங்கியலாளர் ஷா 1802-இல் பெயரிட்டது. நட்சத்திர ஆமைக்கு அதற்கு முன்பே, 1795-இல், ஷோப்ஃப் எலிகன்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்.

துண்டுத் தகடு பிழை இல்லை. ஆமைகளில் இப்படிக் கூடுதல் தகடு அடிக்கடி வரும். அது இருப்பது நல்ல செய்தி. ஓவியர் ஒரு குறிப்பிட்ட ஆமையைப் பார்த்து வரைந்திருக்கிறார், மனத்திலிருந்து வரையவில்லை.

#14 அச்சுப்பித்தன்

துண்டுத் தகடு எனக்கும் நல்ல செய்தி. காரணம் வேறு.

செப்புத் தகட்டிலோ கல்லிலோ வலமாக வரைந்தது தாளில் இடமாக விழும். தேர்ந்த ஆள் முதலிலேயே திருப்பி வரைந்துகொள்வார், சோம்பேறி விட்டுவிடுவார். சங்கு, நத்தை என்றால் இந்தத் திருட்டு உடனே பிடிபடும், சுருள் மாறிவிடும். ரெம்பிராண்ட் 1650-இல் செதுக்கிய கூம்புச் சங்கு இடஞ்சுழியாக அச்சாகியிருக்கிறது. கையெழுத்தை மட்டும் மறக்காமல் திருப்பி எழுதினார், சங்கை மறந்துவிட்டார். ஆமை இருபுறமும் ஒத்த விலங்கு. திருப்பிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு பக்கம் மட்டும் குறை இருந்தால்தான் தெரியும்.

ஸ்கேன் செய்து இணையத்தில் கிடைக்கும் பழைய நூல்களில் கதிர் ஆமைப் படங்களைத் தேடுங்கள். இதே துண்டுத் தகடு வலப்பக்கம் இருக்கும் படம் கிடைத்தால் உங்களுடையது அதைப் பார்த்து நகல் எடுத்தது. மலிவுக் கலைக்களஞ்சியங்கள் அப்படித்தான் படம் சேர்த்தன.

உடற்கூற்றுப் படத்தில் இது விளையாட்டு அல்ல. ஆமையின் இரைப்பை இடப்பக்கம். திருப்பி அச்சிட்டால் வலப்பக்கம் போய்விடும், மாணவன் அறுத்துப் பார்த்து விழிப்பான்.

#15 தூசிப்பெட்டி

உடற்கூறு என்றதும் போயானஸ் நினைவுக்கு வராமல் இருப்பாரா? வில்னாவில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) கால்நடை மருத்துவப் பேராசிரியர். ஐரோப்பியக் குளத்து ஆமை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார். எலும்பு, தசை, நரம்பு, குருதிக்குழாய் என்று அங்குலம் அங்குலமாக அறுத்துத் தாமே வரைந்தார். 1819 முதல் 1821 வரை வந்த அந்த நூலில் 40 படத்தாள்கள். வண்ணம் இல்லை, நிலக்காட்சி இல்லை. சில தாள்களில் ஒரு படத்துக்குப் பக்கத்திலேயே வெறும் கோட்டு வடிவம் மட்டும் இருக்கும், எழுத்தும் எண்ணும் அதன் மேல்தான். நிழல் போட்ட படத்தைக் குறி குத்தி அழுக்காக்கவில்லை. என்ன மரியாதை பாருங்கள்.

ஓர் ஆமைக்கு ஒரு மனிதன் இவ்வளவு செய்ய முடியுமா என்று எனக்கு இன்றும் வியப்பு. ஜெர்மன் விலங்கியலாளர் ஹேக்கலின் 1904 நூலில் வரும் ஆமைப் படத்தை எல்லோரும் சுவரில் மாட்டுகிறார்கள், இவரை மாட்டுவார் இல்லை.

#16 கரிக்கோல்

ஹேக்கலை இழுக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், நீங்களே இழுத்துவிட்டீர்கள். அந்த நூலின் 89ஆம் தாள். நடுவில் ஒன்று, சுற்றிலும் மற்றவை, எல்லாம் கோலம் போல அடுக்கி வைத்தது. அழகு, மறுக்கவில்லை. கல்லில் ஏற்றிய அடால்ஃப் கில்ட்ஷ் கெட்டிக்காரர். ஆனால் அதைப் பார்த்து ஆமை வரையக் கற்காதீர்கள் நீர்வண்ணம். அங்கே ஆமை தாளுக்கு வேலை செய்கிறது. போயானஸிடம் தாள் ஆமைக்கு வேலை செய்கிறது.

#17 அச்சுப்பித்தன்

கொஞ்சம் கடுமையான தீர்ப்பு. அந்தத் தாளில் தகடுகளின் எண்ணிக்கையை யாராவது சரிபார்த்தீர்களா, அல்லது அழகாக இருக்கிறது என்பதே குற்றமா?

#18 கரிக்கோல்

...பார்க்கவில்லை. ஓடெண்ணி பார்த்துச் சொல்லட்டும். தவறு இல்லையென்றால் என் சொல்லை அரைவாசி திரும்பப் பெறுகிறேன்.

#19 புதுநிழல்

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும், நீண்ட நாள் வாசகர். நான்கு பேர் கை என்று கரிக்கோல் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். தாமஸ் ஹார்ட்விக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தபோது இந்திய ஓவியர்களை அமர்த்தி விலங்குகளை வரைய வைத்தார். 4,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1830 முதல் 1835 வரை கிரே வெளியிட்ட இந்திய விலங்கியல் படத்தொகுப்பில் நம் ஆற்றாமைகள் பல இருக்கின்றன. நூலில் ஹார்ட்விக் பெயர் உண்டு, கிரே பெயர் உண்டு, கல்லில் ஏற்றிய வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் பெயர் உண்டு. ஆற்றங்கரையில் ஆமையைப் பார்த்து வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் இல்லை.

சவர்பியா லியரா என்று சண்டை போடும்போது இவர்களையும் நினைத்துக்கொள்ளலாமே.

#20 ஓடெண்ணி

சரியான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

அது மரியாதைக் கேள்வி மட்டுமல்ல. ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது மாதிரி உடல் இல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பெயரிட்ட காலம் உண்டு. இன்றைய விலங்கியல் பெயரிடல் விதிப்படி அப்போது மூல மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரம், அந்தப் படம் அல்ல, படத்தில் இருக்கும் விலங்கு. அது என்றோ அழுகிப்போயிருக்கும், இருந்தாலும் அதுதான் மாதிரி. அப்படியென்றால் அந்த ஓவியர் எத்தனை தகடு போட்டார், கண் பின்னால் எத்தனை கோடு போட்டார் என்பதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி. சாட்சியின் பெயர் தெரியாமல் வழக்கு நடத்துகிறோம்.

#21 தூசிப்பெட்டி

பெயர் கேட்டு வெளிப்படையாகச் சண்டை போட்டவரும் உண்டு. அமெரிக்காவில் லூயி அகாசி 1857-இல் ஆமைக் கருவின் வளர்ச்சியைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். முட்டைக்குள் நாளுக்கு நாள் என்ன நடக்கிறது என்பதைப் படமாகக் காட்டும் தாள்கள், பொரித்து வெளிவந்த குஞ்சுகளின் படங்கள். குஞ்சுப் படங்களில் சோன்ரெல் செய்த கல்லச்சைப் பாருங்கள், ஓட்டின் மென்மை தெரியும். உருப்பெருக்கி வேலையில் பெரும்பங்கு ஹென்றி ஜேம்ஸ் கிளார்க் என்ற உதவியாளருடையது. தனக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று அவர் 1863-இல் ஒரு துண்டு வெளியீடே போட்டார். இருவருக்கும் உறவு முறிந்தது.

#22 நீர்வண்ணம்

மூன்று இரவு தேடினேன். கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல் ஒன்றின் ஸ்கேனில் கதிர் ஆமை, அதே நிலை, தலை வலப்பக்கம் பார்க்கிறது. என் படத்தில் இடப்பக்கம். துண்டுத் தகடு அதில் வலப்புறம். அச்சுப்பித்தன் சொன்னபடியே திருப்பிய நகல்தான்.

அதைவிட வேடிக்கை கால்கள். மூலப் படத்தில் கால்கள் உப்பவில்லை! முன்கால் மடங்கி, செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடக்கப் போகிற கால். நகல் எடுத்தவருக்குச் செதில்களை இடுவதற்குப் பொறுமை இல்லை போலும், வழுவழுவென்று உருட்டிவிட்டார். கரிக்கோல், உங்கள் பஞ்சுக் கதை என் ஆமைக்குப் பொருந்தவில்லை.

#23 கரிக்கோல்

ஒப்புக்கொள்கிறேன். பஞ்சை ஆமைக்குள் தேடினேன், அது நகல்காரரின் கையில் இருந்திருக்கிறது. ஐந்தாவது கை என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்களா?

#24 நீர்வண்ணம்

இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து வரைகிறேன். மூலத்தைப் பார்த்துக் கால், என் தாளைப் பார்த்து நகல்காரர் எங்கெங்கே சறுக்கினார் என்ற பட்டியல். இதுவரை பதினொன்று. ஓரத் தகடுகளில் இடப்பக்கம் ஒன்று குறைகிறது என்று தோன்றுகிறது, இரண்டு முறை எண்ணினால் இரண்டு விடை வருகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#25 ஓடெண்ணி

பிடரித் தகட்டுக்கு அடுத்ததிலிருந்து, பின்னோக்கி. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போடுங்கள். அசல் தாளில் அல்ல.